சால்வையும் சொட்டு மருந்தும்

கேள்வி: எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் இரண்டு மணி நேரக் கூட்டம் என்றால் ஒன்றரை மணி நேரம் சால்வை போர்த்துகிறார்கள். சேவையை எப்போது செய்வார்கள்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மீதி அரை மணி நேரச் சாப்பாட்டை விட்டுவிட்டீர்களே!

1905-ல் சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் இந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது சேவையே பேச்சில் இல்லை. பெருநகரத்தில் தனியாகக் கிடந்தவருக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் சுழன்று கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயர். அரட்டைக்குப் பின் வந்ததுதான் சேவை. அதுவும் என்ன தெரியுமா? சிகாகோவுக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். நம்மூர்ப் பேருந்து நிலையத்துக்காக யாராவது அப்படி நின்றால் முதல் சால்வை என்னுடையது.

1985-ல் போலியோவைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் கிடைத்தது. இதில் பெரும்பங்கு வீடு வீடாக ஏறி இறங்கிய சுகாதாரப் பணியாளர்களுடையது. அவர்களுக்கு யாரும் சால்வை போர்த்தியதாகத் தெரியவில்லை. ஆனாலும் ரோட்டரிக்காரர்கள் பணமும் ஆளும் கொடுத்து விடாமல் கூட நின்றார்கள்.

கேள்வி: ரோட்டரியில் பெண்களைச் சேர்ப்பார்களா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: 1989-ல்தான் மனசு வந்தது. அதற்கும் முன்னதாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குட்டு வைக்க வேண்டியிருந்தது.