‘மீ’ வரும் முன்னே, ‘இட்’ வரும் பின்னே

ஆங்கிலத்தில் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. ‘கிவ் மீ தி புக்’ என்றால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’டைப் போட்டு ‘கிவ் மீ இட்’ என்றால், வெள்ளைக்காரர்களிலேயே பலருக்கு நாக்கில் கல் தட்டுப்படும். ‘கிவ் இட் டு மீ’ என்று சுற்றிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் திருப்தி. இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் பக்கம் போனால் அந்த ‘டு’வையும் விழுங்கிவிட்டு ‘கிவ் இட் மீ’ என்பார்கள். கேட்கப்படுவது என்னவோ அதே புத்தகம்தான்.

இந்தத் தகராறுக்கு மாலைதோறும் பஞ்சாயத்துப் பண்ணுகிறார், பெடாஸில் ஒரு டியூஷன் மாஸ்டர்.

பெடாஸ் நெகிரி செம்பிலானில், ரெம்பாவ் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போனது. மாஸ்டர் பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் சீவினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; லயத்துச் சனங்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். மாஸ்டரும் இப்போது தாமான்வாசிதான். வீட்டு முன்புறம் கார் நிற்க வேண்டிய இடத்தில் பெஞ்சுகளும் ஒரு வெள்ளைப் பலகையும் நிற்கின்றன. கார் வெயிலில் காய்கிறது.

“சார், எக்ஸ்பிளெய்ன் மீ திஸ் ஒன் லா” என்றாள் படிவம் மூன்று மாணவி.

“‘எக்ஸ்பிளெய்ன் மீ’ன்னு வராதும்மா. ‘எக்ஸ்பிளெய்ன் திஸ் டு மீ’ன்னு சொல்லணும்.”

“‘டெல் மீ திஸ்’ வருமா சார்?”

“வரும்.”

“‘ஷோ மீ திஸ்’?”

“அதுவும் வரும்.”

“‘சே மீ திஸ்’?”

“ஐயையோ, வரவே வராது.”

“அப்போ எது வரும், எது வராதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?”

மாஸ்டர் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

விடை தெரியாமலில்லை. அதைச் சொல்ல 1066க்குப் போக வேண்டும் என்பதுதான் தயக்கம். அந்த ஆண்டு நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பின்னாலேயே பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் குடியேறின. கிவ், டெல், ஷோ, செண்ட், டீச் எல்லாம் அதற்கு முன்பே இருந்த ஜெர்மானியக் குடும்பத்துச் சொற்கள். ஆளையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. எக்ஸ்பிளெய்ன், டிஸ்கிரைப், சஜஸ்ட், டொனேட் எல்லாம் வந்தேறிகள். ‘டு’ என்ற பாஸைக் காட்டினால்தான் ஆளை உள்ளே விடும்.

ரெம்பாவ்காரர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே மலாய்க்காரர்களிடையே ‘அடாட் பெர்ப்பாத்தே’ வழக்கம் இன்னும் இருக்கிறது. குலத்து நிலம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும், மகன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி. ஆங்கில வினைச்சொல்லுக்கும் உரிமை பெரும்பாலும் குலவழியில்தான் கிடைக்கிறது.

‘டொனேட்’டில் கவனம் பிசகினால் சொத்துக்கே ஆபத்து. ‘கிவ் தி டெம்பிள் ஹண்ட்ரட் ரிங்கிட்’ என்று திருவிழா நோட்டீஸில் போட்டால் நூறு வெள்ளி வசூலாகும். இன்னும் மரியாதையாக இருக்கட்டும் என்று ‘ப்ளீஸ் டொனேட் தி டெம்பிள்’ என்று போட்டால், கோயிலையே தூக்கிக் கொடுத்துவிடுங்கள் என்று பொருளாகிவிடும்.

குல விதியிலும் ஓட்டை உண்டு. ‘ப்ராமிஸ்’ லத்தீன் வம்சம். ஆனாலும் ‘ப்ராமிஸ் மீ ஒன் திங்’ என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் உள்ளூர்ச் சொல் மாதிரி ஒலிக்கிறது, அதனால் தப்பிக்கிறது என்று மொழியியலாளர்கள் காரணம் சொன்னார்கள். ஆனால் ‘அசைன்’ என்ற சொல்லில் அழுத்தம் கடைசியில்தான் விழுகிறது, அதுவும் தப்பித்துவிட்டது. மொழி உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1989இல் இந்தப் புதிரை மையமாக வைத்துத் தடிமனான ஒரு புத்தகமே எழுதினார். யாரும் உட்கார்த்தித் திருத்தாமலே ஆங்கிலக் குழந்தைகள் இந்த விலக்குகளை எப்படிக் கற்கின்றன என்பது அவர் கேள்வி. அந்தக் குழந்தைகளும் சிறு வயதில் ‘சே மீ’ என்றுதான் உளறுகின்றன என்று தெரிந்ததும் படிவம் மூன்றுக்குத் தெம்பு வந்தது.

இதே பிள்ளைகள் காலையில் பள்ளியில் மலாய் இலக்கணத்தில் இந்தத் தகராறின் தம்பியைச் சந்தித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ‘மெம்பெரி’ என்றால் அடுத்து ஆள் வர வேண்டும். ‘மெம்பெரிக்கான்’ என்றால் அடுத்து பொருள், பிறகு ‘கெப்பாடா’ போட்டு ஆள். மலாய்மொழி நாணயமான மொழி. யார் முதலில் வருவார் என்பதை வினைச்சொல்லின் வாலிலேயே எழுதி ஒட்டிவிடுகிறது.

வீட்டுக்குப் போனால் தமிழ். அங்கே ‘கு’ இருக்கும்வரை கவலையே இல்லை. எனக்கு அதைக் கொடு, அதை எனக்குக் கொடு, கொடு எனக்கு அதை: எப்படிக் கலைத்துப் போட்டாலும் பொருள் சரியான கைக்குப் போய்ச் சேரும். பழைய ஆங்கிலத்துக்கும் இப்படி வேற்றுமை உருபுகள் இருந்தன. ‘ஹிம்’, ‘ஹூம்’ என்ற சொற்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ம்’ அந்தக் காலத்து நான்காம் வேற்றுமையின் மிச்சம். மற்ற உருபுகள் தேய்ந்துபோனதால்தான் சொற்களை வரிசையில் நிறுத்த வேண்டியதாயிற்று.

தமிழ் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். ‘தருதல்’ தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடுத்தல்’ படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. எனக்கும் உனக்கும் தரலாம்; அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். நாம் அதைக் காற்றில் விட்டுவிட்டோம். மலையாளத்தார் இன்றும் விடவில்லை. ஜப்பானியர்களும் ‘குரேரு’, ‘அகேரு’ என்று இரண்டு சொல் வைத்து, எனக்கு வருவதையும் பிறருக்குப் போவதையும் பிரிக்கிறார்கள். தொல்காப்பியம் இன்னோரிடத்தில், தாழ்ந்தவன் கேட்டால் ‘ஈ’, சமமானவன் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’ என்று மூன்று படிகளும் கட்டுகிறது. துரை, கிராணி, கங்காணி என்று படிப்படியாக இருந்த தோட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த இலக்கணம். இன்றைக்குக் கடையில் யாராவது ‘ஈ’ என்று கேட்டால், கடைக்காரர் மூடியை எடுத்து வடைத் தட்டைத்தான் மூடுவார்.

துரைமார்களும் சும்மா தப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொழும்பில் சின்னத்துரைகளுக்காக ஒரு தமிழ்ச் சட்டைப்பைக் கையேடு அச்சாயிற்று. அதன் பெயரே ‘இங்கே வா’. மலாயாத் தோட்டங்களிலும் துரைமார்கள் தமிழ் படித்துப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. ‘என்னை’யா ‘எனக்கா’ என்று அவர்கள் முழித்த முழி, இன்று ‘மீ’க்கும் ‘டு மீ’க்கும் நடுவே பிள்ளைகள் முழிக்கும் முழிக்குச் சரியாகப் போயிற்று என்பது மாஸ்டரின் கணக்கு.

உண்மையில் ‘என்னை’யும் ‘எனக்கு’ம் ஆங்கிலத்தில் ஒரே ‘மீ’யில் அடங்கிவிடுவது ஆபத்தானது. ‘கால் மீ எ டாக்ஸி’ என்றவரைப் பார்த்து ‘சரி, நீங்கள் ஒரு டாக்ஸி’ என்று பதில் சொல்லும் பழைய நகைச்சுவை அதில்தான் ஓடுகிறது. ‘மேக் மீ எ தோசை’ என்று பூதத்திடம் கேட்டால், கல்லில் எது வேகும் என்பது பூதத்தின் இலக்கணத்தைப் பொறுத்தது. தமிழ்ப் பூதத்திடம் அந்தப் பயம் இல்லை.

பெடாஸ் ஒட்டுக்கடைகளில் ஆங்கிலம் வேறு வழியில் முன்னேறிக்கொண்டிருக்கிறது. ‘பாரோ மீ யுவர் பென்’ என்பார்கள். இரவல் கொடுப்பது, இரவல் வாங்குவது இரண்டுக்கும் மலாயில் ‘பிஞ்சாம்’ ஒன்றே போதும், ஆங்கிலத்துக்கு மட்டும் எதற்கு இரண்டு என்ற சிக்கனம். பொட்டலம் கட்டுவதைக் குறிக்கும், சீனத்திலிருந்து வந்த ‘தப்பாவ்’, ‘தப்பாவ் மீ ஒன் மீ கோரிங்’ என்று வந்த வேகத்திலேயே இரண்டு செயப்படுபொருள்களைத் தோளில் போட்டுக்கொண்டது. ‘வாட்ஸ்அப் மீ தி லொக்கேஷன்’ என்பதற்கு எந்தத் துரையும் மறுப்புச் சொல்வதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் ‘எக்ஸ்பிளெய்ன்’ பெறாத குடியுரிமையை நேற்று வந்த செயலி வாங்கிவிட்டது.

பரீட்சை முடிந்த மாலை, படிவம் மூன்றுக் கூட்டம் மாஸ்டரை ஒட்டுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனது. “சார், டுடே ஐ பெலாஞ்சா யூ தே தாரிக்!” என்றாள் அதே மாணவி. தன் செலவில் வாங்கித் தருவதைச் சொல்லும் பெலாஞ்சா மலாய், தே தாரிக் மலாய். ஆனால் வினை, அதன் பின்னால் ‘யூ’, அதன் பின்னால் பொருள் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மாஸ்டர் முழு மதிப்பெண் போட்டார். டீ வந்தது, ரொட்டி சானாய் வந்தது, இன்னொரு சுற்று டீயும் வந்தது. பில் வந்தபோது அவள் பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மிகச் சரியான ஆங்கிலத்தில், “சார், கேன் யூ லெண்ட் மீ டென் ரிங்கிட்?” என்றாள்.