ஒரு சாதாரணக் குற்றவாளியும் ஒரு வல்லரசும்

சீன அரசு சொன்னது ரொம்ப எளிமையானது. லியூ சியாபோ ஒரு சாதாரணக் குற்றவாளி. சட்டம் தன் கடமையைச் செய்தது. இதில் உலகம் தலையிட ஒன்றுமில்லை.

நல்லது. அந்தச் சாதாரணக் குற்றவாளிக்காக ஒரு வல்லரசு பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம்.

அவர் செய்த குற்றம், எழுதியது. ஆறு கட்டுரைகள், அதோடு 'சாசனம் 08' என்ற அறிக்கை. ஒற்றைக் கட்சி ஆட்சி இனி வேண்டாம், நீதிமன்றத்தைச் சுதந்திரமாக விடுங்கள், மக்களைப் பேச விடுங்கள் என்று கேட்ட அறிக்கை அது. முதலில் கையெழுத்திட்டவர்கள் 303 பேர். அது வெளியாகும் முன்பே, 2008 டிசம்பர் 8 இரவு, லியூவை அள்ளிக்கொண்டு போனார்கள். மறு ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று தீர்ப்பு: 11 ஆண்டு. கணக்குப் போட்டால் ஒரு எழுத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலேயே விழுகிறது. உலகத்தில் எந்தப் பதிப்பாளரும் இவ்வளவு தாராளமாகச் சன்மானம் கொடுத்ததில்லை.

2010 அக்டோபரில் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு அறிவித்தார்கள். வந்ததே கோபம்! பரிசுக்கே களங்கம் என்றது பெய்ஜிங். நோபல் குழுவினரைக் கோமாளிகள் என்றார் வெளியுறவுத் துறைப் பேச்சாளர். விழாவுக்குப் போகாதீர்கள் என்று நாடு நாடாகச் சொல்லியனுப்பினார்கள். லியூவின் மனைவி, கவிஞர் லியூ சியா வீட்டுக்குள் அடைக்கப்பட்டார். வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் ஆஸ்லோ விழாவில் பதக்கத்தையும் பட்டயத்தையும் ஒரு காலி நாற்காலியில் வைத்தார்கள். சீனாவில் பிபிசி, சிஎன்என் திரைகள் இருண்டன. 'காலி நாற்காலி' என்று இணையத்தில் தேடுவதற்கும் தடை. ஒரு நாற்காலியைக் கண்டு நடுங்கிய முதல் அணு ஆயுத நாடு என்ற பெருமை சீனாவுக்கே.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1935-ம் ஆண்டுக்கான பரிசு, முன்பு வதை முகாமில் கிடந்த கார்ல் வான் ஒசியட்ஸ்கிக்குக் கிடைத்தபோது ஹிட்லர் கொதித்தார். ஜெர்மானியர் யாரும் நோபல் வாங்கக் கூடாது என்று தடை போட்டு, சொந்தமாக ஒரு தேசியப் பரிசையும் தொடங்கினார். 2010-ல் பெய்ஜிங்கிலும் அவசர அவசரமாக ஒரு பரிசு பிறந்தது. பெயர் கன்பூசியஸ் அமைதிப் பரிசு. தொகை ஒரு லட்சம் யுவான். அரசுக்குச் சம்பந்தமில்லை, தனியார் குழுதான் என்றார்கள். முதல் பரிசு தைவானின் முன்னாள் துணை அதிபர் லியன் சானுக்கு. அப்படியொரு பரிசு இருப்பதே அவர் அலுவலகத்துக்குத் தெரியாது. ஆள் வராததால் ஒரு சிறுமியை மேடையேற்றி, பணக்கட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அமைதிப் புறா விளாதிமிர் புதின். 2015-ல் ராபர்ட் முகாபே. அவரே வேண்டாம் என்றுவிட்டார் என்றால் பரிசின் யோக்கியதை புரியும்.

சரி, நோபல் என்பதே மேற்கத்தியச் சதிதானா? நாட்டை விட்டுப் போன காவோ சிங்ஜியானுக்கு 2000-ல் இலக்கிய நோபல் கிடைத்தபோது சீச்சீ, இந்தப் பழம் புளித்தது. 2010-ல் விஷமாகவே ஆனது. 2012-ல் உள்நாட்டு எழுத்தாளர் மோ யானுக்குக் கிடைத்ததும் அதே மரத்துப் பழம் தேனாக இனித்தது. கட்சியின் பிரசாரத் தலைவர் வாழ்த்துக் கடிதமே எழுதினார்.

லியூ எழுதியதெல்லாம் சீனாவில் தடை. ஆனால் ஒன்று மட்டும் தாராளமாக ஊருக்குள் உலவியது. சீனா திருந்த 300 ஆண்டுக் காலனி ஆட்சி தேவை என்று 1988-ல் ஹாங்காங் பத்திரிகை ஒன்றில் அவர் சொன்னது. அபத்தமான பேச்சுதான், கண்டிக்கலாம். ஆனால் ஒரு மனிதரின் புத்தகங்களையெல்லாம் பூட்டிவைத்து, அவர் உளறிய ஒன்றை மட்டும் ஊருக்குப் பந்தி வைத்து, பிறகு 'பாருங்கள், மக்களே அவரை வெறுக்கிறார்கள்' என்பது எந்த ஊர் நியாயம்? அவர் பெயரையே கேள்விப்படாத தலைமுறையை வளர்த்துவிட்டு, அந்த அறியாமையைப் பொதுக்கருத்து என்று காட்டுகிறார்கள்.

2017-ல் ஈரல் புற்றுநோய் முற்றிய பிறகே சிறையிலிருந்து ஷென்யாங் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். வெளிநாட்டில் சிகிச்சை பெற விரும்பினார்; விடவில்லை. ஜூலை 13 அன்று, 61 வயதில், காவலிலேயே இறந்தார். இரண்டே நாளில் தகனம், அன்றே சாம்பல் கடலில். சமாதி என்று ஒன்று இருந்தால் நாலு பேர் வந்து நிற்பார்களே! வெய்போ சமூக வலைதளத்தில் மெழுகுவர்த்திப் படம் போடக்கூட விடவில்லை. எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் ஏறக்குறைய எட்டு ஆண்டு வீட்டுச் சிறையில் வைத்திருந்த லியூ சியாவை 2018-ல்தான் ஜெர்மனிக்குப் போகவிட்டார்கள்.

ஆஸ்லோவில் கைதட்டிய நார்வேயையும் சும்மா விடுவதற்கில்லை. நோபல் குழு அந்நாட்டு அரசின் சொல்லுக்கு ஆடுவதல்ல. ஆனாலும் பெய்ஜிங் நார்வே அரசைத்தான் தண்டித்தது. சீனச் சந்தையில் கொடிகட்டிப் பறந்த நார்வேயின் சால்மன் மீன் சரிந்து விழுந்தது. 2014-ல், பெய்ஜிங்குக்கு ஆகாத தலாய் லாமா ஆஸ்லோ வந்தபோது அமைச்சர்கள் ஒருவரும் சந்திக்கவில்லை. 2016 டிசம்பரில், சீனாவின் 'அடிப்படை நலன்களை' மதிப்போம், அவற்றைக் குலைக்கும் எதற்கும் துணைபோகமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று லியூ சிறையில்தான் இருந்தார்.

பெய்ஜிங் இதில் படித்த பாடம் தெளிவானது. அடுத்த நாட்டின் மனசாட்சியும் துறைமுகத்தில் இறங்கும் சரக்குதான். நிறுத்திவைத்தால் விலை தானாக இறங்கும். நார்வேக்கு ஆறு ஆண்டு பிடித்தது. அடுத்து வருகிறவனுக்கு அவ்வளவுகூட ஆகாது.