ஒரு ஸ்லாட் சும்மாதானே கிடக்கு!

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. படம் நின்று நின்று வருகிறதா, பிரின்டர் இழுத்தடிக்கிறதா, கரண்ட் பில் கட்டும் பக்கம் பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கிறதா, எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே கஷாயம்தான்: "ரேம் பத்தலை. ஒரு ஸ்லாட் சும்மாதானே கிடக்கு, போட்டுடலாம்."

அபார்ட்மென்டுக்கு ஒருவராவது இப்படி உண்டு. ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க்காக இருப்பார். இல்லையென்றால் ஓய்வுபெறப்போகும் ஹெட்கிளார்க்காக இருப்பார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோய், வாட்ச்மேன் முதல் கூரியர்காரர் வரை எல்லோருக்கும் அவர் "ரேம் சார்".

அவருடைய கம்ப்யூட்டர் 2010-இல் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கியது. அசெம்பிள் செய்ததில்லை, அட்டைப் பெட்டி பிரிக்காமல் வந்த பிராண்டட் சரக்கு. கோர் 2 டுவோ பிராசசர், இன்டெல் ஜி41 சிப்செட், 1 ஜிபி ரேம், 32-பிட் விண்டோஸ் 7. மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி பெங்களூரில் குடியேறிவிட்டாள். கம்ப்யூட்டர் மட்டும் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. அதற்கு வீட்டுக்காரம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் தைத்த உறை உண்டு. உறையை நீக்கினால் பதினைந்து ஆயுத பூஜைகளின் சந்தனம், அடுக்கடுக்காக. அதில் எது பவர் பட்டன், எது குங்குமப் பொட்டு என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

உள்ளே இரண்டு ரேம் ஸ்லாட். ஒன்றில் 1 ஜிபி, மற்றது காலி. அந்தக் காலி ஸ்லாட்டில்தான் அவர் உயிர் இருக்கிறது.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் தரைத்தளத்தோடு கையிருப்பு தீர்ந்துபோனாலும், மொட்டை மாடித் தூணில் நாலு கம்பியை நீட்டிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். என்றைக்காவது மாடி எடுக்கலாம் என்று. கம்பி துருப்பிடித்து, அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டு, பேரப்பிள்ளையும் பிறந்துவிடும். நம்பிக்கை மட்டும் துருப்பிடிக்காது. ரேம் சாரின் காலி ஸ்லாட் அப்படி நீட்டிவிட்ட கம்பி.

விஷயம் தெரியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. யாராவது கேட்டால் உட்காரவைத்து விளக்குவார்: "ஹார்ட் டிஸ்க் பரண் மாதிரி. ரேம் அடுப்படி மேடை மாதிரி. மேடை சின்னதா இருந்தா, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஏணி போட்டு ஏறணும்." உவமையில் பிசகில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும். ரேமில் அது 100 நானோசெகண்டுக்குள் முடிந்துவிடும். லட்சம் மடங்கு வித்தியாசம். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடுத்து வைத்து எடுத்து மூச்சு வாங்கும். அந்தக் கடகட சத்தத்தைத்தான் பதினைந்து வருடமாக அந்த வீடு கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் முயற்சி செலவில்லாதது. எதிர் வீட்டுக்காரர் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ரேம் கிடைத்தது. ரேம் சார் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். 240 பின். தன்னுடையதிலும் 240. ஜாதகம் பொருந்திவிட்ட சந்தோஷத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். இறங்கவில்லை. முழங்கையை ஊன்றி அழுத்தினார். போர்டே வளைந்தது, ரேம் வளையவில்லை. வந்தது டிடிஆர்2, இவருடையது டிடிஆர்3. இரண்டுக்கும் பின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் அடியில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். முந்தையதற்கு 1.8 வோல்ட், பிந்தையதற்கு 1.5. இப்படி யாராவது முழங்கையை ஊன்றுவார்கள் என்று தெரிந்துதான் வெட்டை மாற்றிவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ரிச்சி தெரு. சிந்தாதிரிப்பேட்டையில், அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் ரேம் சாருக்குப் பத்து வயது குறைந்துவிடும். ஏற்கெனவே வேறெங்கோ மலிவாகக் கிடைத்த 4 ஜிபி டிடிஆர்3 ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தார். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்பது புகார். கடைப் பையன் ரேமை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான்.

"போர்டு என்ன சார்? ஜி41-ஆ?"

"ஆமா தம்பி."

"இது ஒரு பக்கம் மட்டும் சிப் இருக்கிற ரேம் சார். எட்டு சிப். அந்த போர்டு எடுக்காது. ரெண்டு பக்கமும் எட்டெட்டா, பதினாறு சிப் ரேம்தான் வேணும்."

பையன் சொன்னது சரி. 4 ஜிபியை எட்டே சிப்புக்குள் அடக்கினால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட் கொள்ளளவு உள்ளதாக இருக்க வேண்டும். அவ்வளவு அடர்த்தியான சிப்பை ஜி41 அறியாது. 2 கிகாபிட் வரைதான் அதன் படிப்பு. அந்தப் போர்டில் அதிகபட்சமே 8 ஜிபி. ரேம் சார் ஒரு நிமிடம் யோசித்தார். காலி ஸ்லாட்டுக்கு மட்டும் என்று வந்தவர், பதினாறு சிப் ரேம் இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். பழைய ரேம்தான், வாரன்டி ஒரு வாரம்.

வீட்டில் போட்டார். பட்டனை அழுத்தினார். திரை இருட்டு. உள்ளேயிருந்து விட்டுவிட்டு நீளமாக ஒரு பீப். "என்னங்க, குக்கரா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. ரேம் சார் பதறவில்லை. பேரன் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்தார். ரேமின் தங்க முலாம் பூசிய பல்வரிசையை மேலிருந்து கீழாக, குழந்தைக்குப் பல் துலக்குவதுபோல் தேய்த்தார். ரப்பர் நுனி கறுத்தது. தூளை ஊதினார். எதற்கும் இருக்கட்டும் என்று வேட்டி நுனியால் ஒரு துடைப்பு. மறுபடி பட்டன். திரையில் வெளிச்சம். பதினைந்தாவது ஆயுத பூஜைக்குக்கூட அப்படிக் கும்பிட்டதில்லை.

சந்தோஷம் நாலு நிமிடம் நின்றது. சிஸ்டம் விவரத்தைத் திறந்தார். போட்டிருப்பது 8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.24 என்று இருந்தது.

"எட்டு கிரவுண்டுக்குக் காசு குடுத்து மூணே கால் கிரவுண்டுக்குப் பட்டாவா?" என்று கொதித்தார். குற்றம் ரேமில் இல்லை. 32-பிட் விண்டோஸ் 7-க்கு வீட்டு எண் போடத் தெரிந்தது 4 ஜிபி வரைதான். அதிலும் கிராபிக்ஸ் உள்ளிட்ட உறுப்புகளுக்கு விலாசம் ஒதுக்கியபின் மிஞ்சுவதே கைக்கு வரும். சாலை அகலப்படுத்தலில் மனையின் முன்பகுதி போவதுபோல. தீர்வு 64-பிட் விண்டோஸ். போட்டார். 8 ஜிபியும் கைக்கு வந்தது. ஆனால் 64-பிட் விண்டோஸ் 32-பிட் டிரைவரை உள்ளே விடாது. பழைய பிரின்டருக்கு வேறு டிரைவர் கிடைக்காததால், அது அன்றோடு ஓய்வுபெற்றது. மிச்சமிருந்த சுங்குடித் துணியில் அதற்கும் ஓர் உறை.

இவ்வளவுக்கும் பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆக எப்போதும்போலக் காபி குடித்து டம்ளர் கழுவும் நேரம் பிடித்தது. "புது ரேம் செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார் ரேம் சார், புதுச் செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

லீவுக்கு வந்த அக்கா மகன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, நல்ல பையன். மாமா பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தபோது, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டியை மாட்டி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, சுங்குடி உறையைப் போட்டு மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் காலை ரேம் சார் பட்டனை அழுத்திவிட்டுக் காபிக்கு எழுந்தார். எழுந்து நிற்பதற்குள் டெஸ்க்டாப் வந்து நின்றது.

"நான் சொல்லலை? ரேம் செட் ஆயிடுச்சு!"

பையன் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டுபோக ரேம் விலை ஏறியதும், க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த வியாபாரத்தை மைக்ரான் மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்ததும் ரேம் சாரைத் தீர்க்கதரிசியாகவே ஆக்கிவிட்டன. கழற்றிய 1 ஜிபி, எட்டு சிப் 4 ஜிபி, எதிர் வீட்டு டிடிஆர்2 மூன்றும் இப்போது பிஸ்கட் டப்பாவிலிருந்து பீரோ லாக்கருக்கு மாறியிருக்கின்றன.

பொங்கலுக்கு மகளும் மருமகனும் மெல்லிய புது லேப்டாப் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார்கள். ரேம் சார் அதைத் திறக்கவில்லை. கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்க்ரூ எங்கே என்று தேடினார்.

"மாப்பிள்ளை, எத்தனை ஸ்லாட்டுங்க இதுல?"

"ஸ்லாட்டே கிடையாது மாமா. மெமரியை போர்டுலயே சோல்டர் பண்ணிட்டாங்க. பதினாறு ஜிபி இருக்கு, தாராளம்."

"இன்னைக்குத் தாராளம், சரி" என்று இழுத்தார் ரேம் சார். ஜன்னல் வழியே எதிர் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தார். "மேல எழுப்பக் கம்பியே விடாம எப்படிங்க கட்டினாங்க?"

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் வீட்டுக்காரம்மா இஞ்ச் டேப்போடு வந்து லேப்டாப்பின் நீள அகலத்தை அளக்க ஆரம்பித்திருந்தார்.