தரகர் சொன்னதும் பேராசிரியர் நிரூபித்ததும்

வீட்டு விலை ஏன் ஏறுகிறது என்று எந்த ஊர்த் தரகரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு அதற்குச் சில தலைமுறைகள் பிடித்தன. 1964-இல் வில்லியம் அலோன்சோ, வேலையெல்லாம் நகரின் நடுவில்தான் என்று வைத்துக்கொண்டு, தள்ளிப்போகப் போக நிலம் மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1974-இல் ஷெர்வின் ரோசன் வகுத்த வழியில் வீட்டையே கூறுபோட்டார்கள்: படுக்கையறைக்கு இவ்வளவு, கூடுதல் குளியலறைக்கு இவ்வளவு. 'அட்டாச்டு பாத்ரூம் சார்' என்று தரகர் குரலை உயர்த்துவாரே, அதே சங்கதிதான்.

1989-இல் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும், ஒரே வீடு இரண்டு முறை கைமாறிய விலைகளை ஒப்பிட்டு, போன வருடம் ஏறிய விலை இந்த வருடமும் ஏறவே பார்க்கிறது என்று கண்டார்கள். 'இப்ப விட்டீங்கன்னா அடுத்த வருஷம் எட்டாது சார்' என்ற பழைய வசனத்துக்குப் புள்ளியியல் முத்திரை கிடைத்தது. (ஒருநாள் இறங்கும் என்பதை மட்டும் தரகர் சொல்லவில்லை.)

2008-இல் இறங்கியது. வீடு போனவர்கள் வாடகைக்கு அலைய, விலை அளவுக்கு மீறி ஊதிப்போகும் 'குமிழி' பற்றிய கட்டுரைகள் குவிந்தன. 2013-இல் நோபல் குழு, குமிழி இருக்கிறது என்ற ஷில்லருக்கும், குமிழி என்றால் என்னவென்றே புரியவில்லை என்ற யூஜின் ஃபாமாவுக்கும் ஒரே பரிசைப் பிரித்துக் கொடுத்தது. இரு சம்பந்திகளையும் முதல் பந்தியில் உட்காரவைத்த மாதிரி. கூடவே மூன்றாவதாக லார்ஸ் பீட்டர் ஹான்சன்.

கொரோனாவில் ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய, அலோன்சோவின் நடுநகரம் காலியானது. ஆய்வாளர்களுக்கு மறுபடி கை நிறைய வேலை. அதையும் வீட்டிலிருந்தே பார்த்தார்கள்.