ஒரு பிரதி, நான்கு வாசகர், ஒரு மடுவம்: கொத்மலை லயமொன்றில் நடந்த நாவல் பந்தயம் குறித்த ஆய்வு

சுருக்கம்

ஒரு குடும்பத்தில் நால்வர் ஒரே அறிவியல் புனைகதையைப் போட்டிபோட்டு வாசித்தால் வெல்பவர் யார்? வேகமாக வாசிப்பவரே என்பது உலக வழக்கு. அவ்வழக்கு கொத்மலைக்குச் செல்லாது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. களம்

கொத்மலை அணை 1985இல் திறக்கப்பட்டது. அதன் நிலத்தடி மின்நிலையத்தின் திறன் 201 மெகாவாட். அதில் இவ்வாய்வுக்கு வாய்த்தது, தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவின் நடுவே தொங்கிய ஒரு பல்பு.

2. நூல் தேர்வு

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி ஒன்றை 1979இல் ஒரு நாவலில் கட்டினார். அது கிளம்பும் சிகரத்துக்கு மாதிரி நம் சிவனொளிபாதமலை. கணக்கு ஒத்துவரவேண்டும் என்பதற்காகத் தீவையே நிலநடுக்கோட்டுக்குத் தள்ளிவைக்கவும் அவர் தயங்கவில்லை. ஊருக்குப் பொருந்திய நூல்தான், ஆனால் ஆங்கிலம். கொழும்பில் படிக்கும் அக்காவுக்கு அது சாதகம் எனத் தம்பி ஆட்சேபித்தான். எனவே, ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தேர்வாயிற்று. இரு ஆசிரியரும் 2008இல் 21 நாள் இடைவெளியில் மறைந்தவர்கள் ஆதலால், ஈடு சரியே எனக் குழு ஏற்றது.

3. முறையியல்

பிரதி ஒன்று. பசை விட்டுப்போய் அது நான்கு கட்டாகக் கழன்றிருந்தது. அப்பா, அம்மா, அக்கா, தம்பி ஆளுக்கொரு கட்டை எடுத்துக்கொண்டு, முடித்ததும் அடுத்தவருக்குக் கைமாற்றுவது என்று ஏற்பாடு. ஊதிய விதிகள் தோட்டத்திலிருந்து பெறப்பட்டன: நாளுக்கு முப்பது பக்கம் வாசித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், மிஞ்சினால் கைக்காசு. பக்கம் தாண்டி ஓடுவது, தேயிலைச் செடியை வெட்டிக் குறைப்பதுபோல், ‘கவ்வாத்து’ எனப்பட்டுத் தண்டனைக்குரியதாயிற்று.

கவ்வாத்தைப் பிடிக்க, கொழுந்து நிறுக்க இருப்பதுபோல், ஒரு மடுவம் தேவைப்பட்டது. எழுத்து வாசனை இல்லாத அப்பாயி நிறுவையாளராக நியமிக்கப்பட்டார். இரவில் ஒவ்வொருவரும் அன்று வாசித்ததை அவரிடம் ஒப்புவிக்கவேண்டும். சொல்லத் தடுமாறினால், கொழுந்தில் தண்ணீருக்குக் கழிப்பதுபோல் பக்கம் கழிக்கப்படும்.

4. அவதானிப்புகள்

(அ) மூன்றாம் கட்டில் தொடங்கிய அப்பா, ஜீனோவைப் படித்த கணக்கப்பிள்ளை என்றே நெடுநேரம் நம்பினார். அது இயந்திர நாய் என்று தெரிந்ததும் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டார். அவர் மரியாதை மட்டும் குறையவில்லை.

(ஆ) திரையில் தோன்றி நாட்டை ஆளும் ஜீவா, அம்மாவை வியப்பிலாழ்த்தவில்லை. “தொரையையும் நாங்க தூரத்துலதானே பாத்திருக்கோம்” என்பது அவர் விமர்சனம்.

(இ) தம்பி வேகத்தில் முதலிடம். கழிவிலும் அவனே முதலிடம்.

5. முடிவு

நால்வரும் தத்தம் முதற்கட்டை முடித்த இரவில் ஆளுக்குக் கால் நாவல் தெரிந்திருந்தது. நால்வரிடமும் கேட்ட அப்பாயிக்கோ முழு நாவலும் தெரிந்திருந்தது. வாசிக்காதவரே முதலில் முடித்தார்.

6. மறுப்பும் விடையும்

கேட்பது வாசிப்பாகுமா எனத் தம்பி வழக்காடினான். கொத்மலையில் அது ஏற்கெனவே தீர்ந்த வழக்கு. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ துணையோடு கொத்மலைச் சமூக வானொலி இதைத்தான் செய்தது: கணினியைத் தொட்டறியாத நேயர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடிப் பிடித்து ஒலிபரப்பினார்கள். அவர்கள் இணையம் பார்த்தவர்கள் என்றால், அப்பாயி நாவல் வாசித்தவரே.

அடுத்த ஐயம்: கேட்டது விளங்கிற்றா? நாவலில் காணாமற்போன கணவனை நிலா தேடுவதையும், குடிகளைப் பதிவேட்டில் அடக்கிவைத்த அரசையும் பற்றி அப்பாயியிடம் வினவப்பட்டது. “ஆளத் தேடிப் போனா காயிதத்தத் தேடுறானுங்க. இது என்னடா வரப்போற காலத்துக் கதை? நாங்க பிரசா உரிமைக்கு அலஞ்ச கதைதானே!” என்றார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்கள் நாடற்றவர்களானதை அறிந்தோர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை. அறிவியல் புனைகதை என்று கடையில் வாங்கிய நூல், அப்பாயியின் அடுக்கில் வரலாற்று நாவலாக இடம் மாறிற்று. விளக்கம் பெற்றவர் மட்டுமல்ல, வகைப்பாட்டையே திருத்தியவர் அவர்.

7. எஞ்சிய சிக்கல்

முடிவு தெரிந்த ஒருவரோடு ஒரே காம்பராவில் வசிப்பது மற்றவர்களுக்கு ஆபத்தாயிற்று. தண்ணீர் எடுத்துவர மறுத்தால் கடைசிக் கட்டு வெளிப்படும் என அப்பாயி அறிவித்தார். அன்றுமுதல் குடம் காலியாக இருந்ததில்லை. நடுவரே வென்றது முறையா என மேன்முறையீடு செய்யவும் வழியில்லை: மேன்முறையீடுகளைக் கேட்பவரும் அப்பாயிதான். அடுத்த பந்தயத்துக்கு ‘மீண்டும் ஜீனோ’ பரிந்துரைக்கப்படுகிறது. போட்டியாளர் பட்டியலில் அப்பாயியின் பெயரைச் சேர்க்க மற்ற நால்வரும் ஒருமனதாக மறுத்துள்ளனர். அவர் மடுவத்திலேயே இருக்கச் சம்மதித்துவிட்டார்.