கடல்கட்டியும் காலர் ஐடியும்: அழைப்பு மறிக்கும் கருவியின் பிணிகள் குறித்த ஓர் ஆய்வு

வீட்டுத் தொலைபேசிக்கு வரும் வேண்டாத அழைப்புகளை மறிக்கும் கருவி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா. ஒரு பக்கம் லைன், மறுபக்கம் போன், நடுவில் சிவப்பாக ஒரு பொத்தான். தூத்துக்குடியில் இதை யாரும் கடையில் போய் வாங்குவதாகத் தெரியவில்லை. டல்லாஸில் இருக்கும் மகன், 'அம்மாவுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது' என்று பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறான். வந்திறங்கிய நாள் முதல் அது ஒன்று வேலை செய்யாது, அல்லது அளவுக்கு மீறி வேலை செய்யும். இவ்விரு பிணிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் முன்னோடி ஆய்வுகள் எவையும் இல்லாததற்கு, இப்படியொரு துறையே இல்லாதது காரணமாகலாம்.

மறிப்பின் முற்காலத்தில் வெளியாரிடமிருந்து வீட்டைக் காக்கும் தேவை எழவில்லை. வீட்டாரிடமிருந்து பில்லைக் காக்க வேண்டியிருந்தது. சுழற்றும் டயலின் விரல்துளையில் ஒரு குட்டிப் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்ட பெரியப்பாக்கள் அக்காலத்தின் சான்றோர். அவர்கள் தூங்கியதும் இளைய தலைமுறை ரிசீவர் உட்காரும் கட்டையை விரலால் தட்டியது. 4 வேண்டுமென்றால் நான்கு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு. டயலும் இதைத்தான் செய்கிறது: நொடிக்குப் பத்து என்ற வேகத்தில் லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கிறது. துண்டித்தது டயலா விரலா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. பெரியப்பா கட்டியது டயலை. கட்ட வேண்டியிருந்தது லைனை. இந்தப் பிழை இனி வரும் எல்லாப் பிணிகளுக்கும் மூலம் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

கட்டுதல் என்ற கலையில் இக்கடற்கரைக்கு நீண்ட அனுபவம் உண்டு. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆள் இருந்தார். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் இருபதில் ஒரு பங்கு மீன் கட்டுகிறவர்களுக்கும் போனது என்று எழுதுகிறார். அவர் தரும் இன்னொரு தகவல்தான் நமக்கு முக்கியம்: கட்டு பகலுக்கு மட்டுமே. பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். இரவில் எவனாவது களவாகக் குளித்தால் சுறா பார்த்துக்கொள்ளும். அதாவது மறிப்பதற்கு ஒரு மந்திரம், திறப்பதற்கு ஒரு மந்திரம், இரண்டுக்கும் நேர அட்டவணை. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மந்திரமும் கைமாறாமல் போயிற்று. டல்லாஸ் டப்பாவோடு வரும் கையேட்டில் அவிழ்க்கும் முறை கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது.

இனி முதல் பிணி: கருவி மறிப்பதே இல்லை. ஆச்சி சிவப்புப் பொத்தானை அமுக்குகிறார், மறுநாளும் அதே ஆள் வருகிறான். காரணம் எளிது. அழைப்பவரின் எண் தெரிந்தால்தான் கருவி மறிக்கும். எண் தெரிய லைனில் காலர் ஐடி வசதி திறந்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிய பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. அமெரிக்க லைன்களில் எண், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் எஃப்எஸ்கே முறையில் வரும். நம் பக்கத்து லைன்கள் பலவற்றில் டிடிஎம்எஃப் முறையில், முதல் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடும். டல்லாஸ் டப்பா மணி அடித்த பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, சொல்ல வேண்டியதை லைன் எப்போதோ சொல்லி முடித்துவிட்டது. இரு முறைகளையும் அறிந்த டப்பாவாக வாங்குவதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

சில்லறைக் காரணங்களும் உண்டு. உப்பளக் காற்றில் சாக்கெட்டின் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும், சுரண்டினால் சரியாகும். வீட்டுக்கு ஃபைபர் வந்த பிறகும் கருவியைச் சுவரில் இருக்கும் பழைய சாக்கெட்டில் செருகிவைத்திருப்பார்கள். அது போக வேண்டிய இடம் ஃபைபர் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில். மாடியில் ஒரு இணைப் போன் கருவிக்கு முன்னாலேயே பிரிந்து போயிருந்தால், கீழே மறித்த அழைப்புக்கு மேலே மணி அடிக்கும்.

இரண்டாம் பிணி இன்னும் சுவையானது: கருவி எல்லாரையும் மறிக்கிறது. எண்ணின் தொடக்கத்தை மட்டும் கொடுத்தால் அதில் தொடங்கும் அனைத்தையும் தடுக்கும் வசதி சில கருவிகளில் இருக்கிறது. ஒருவர் கோபத்தில் 046 என்று பதிந்துவிட்டால், 0461 தூத்துக்குடி, 0462 திருநெல்வேலி, 04632 கோவில்பட்டி, 04639 திருச்செந்தூர் என்று சாதிசனம் முழுவதும் சுறாவாகிவிடும். போதாக்குறைக்கு 0469 திருவல்லாவும் சேர்ந்து மாட்டும். வெளிநாட்டு அழைப்புகள் மொத்தத்தையும் தடுக்கும் பொத்தானும் உண்டு. கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைந்த ஊரில் அதை அமுக்குவது துணிச்சலான காரியம். நடுக்கடலிலிருந்து சாட்டிலைட் போனில் 870 என்று தொடங்கி வரும் மகனின் குரல் டப்பாவோடு நின்றுவிடும். டப்பாவை அனுப்பிய டல்லாஸ்காரன் கதியும் அதேதான்.

அரசும் கட்டிப் பார்க்காமல் இல்லை. 2007இல் தொந்தரவு வேண்டாதோர் பட்டியல் வந்தது. இன்றும் 1909க்கு அழைத்துப் பெயரைப் பதியலாம். டெலிமார்க்கெட்டிங்காரர்களுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. வங்கி முதலிய சேவை அழைப்புகளுக்கு 2024இல் 160 வரிசை வந்தது. ஆகவே கருவியில் 140 என்று பதிந்துவிட்டால் போதும் என்போர் உளர். அவ்வாறு பதிந்தால் முறையாகப் பதிவுசெய்துகொண்ட நல்ல பிள்ளைகள்தான் மாட்டுவார்கள். மற்றவர்கள் சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணில், நாளுக்கொரு வேடத்தில் வருகிறார்கள். இங்கும் கட்டியது ஒன்று, கட்ட வேண்டியது வேறொன்று.

கள ஆய்வில் பதிவான ஓர் உரையாடலை இங்கே தருவது பொருந்தும். தெற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு, பிற்பகல்.

"மேடம், உங்களுக்கு அஞ்சு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு."

"நீ எந்த ஊருய்யா?"

"சென்னைங்க மேடம்."

"சொந்த ஊரக் கேட்டேன்."

"விளாத்திகுளம் பக்கம்…"

"விளாத்திகுளத்துல யார் வீடு? அப்பா என்ன செய்தாக?"

"மேடம், ஒங்க பான் நம்பர் மட்டும்…"

"முன்னப்பின்ன தெரியாதவளுக்கு அஞ்சு லட்சத்தத் தூக்கிக் குடுக்கியே, ஒங்க அம்மைக்குத் தெரியுமா? அவ நம்பரச் சொல்லு, நான் பேசுதேன்."

இணைப்பைத் துண்டித்தது எதிர்முனை. கருவியின் அடாப்டர் அப்போது பிளக்கில் இல்லை. அந்த இடத்தில் கொசு மருந்து மெஷின் செருகியிருந்தது.