கருத்து எறியும் போட்டி

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. அந்தப் போனைக் கமுத்தி வை. ஒண்ணும் குடி முழுகிராது.

ஒலிம்பிக்ஸைப் பத்தி நீயும் ஒன் கூட்டாளிகளும் பேசினதை எல்லாம் நான் திண்ணையில படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தாத்தா தூங்குதாருன்னு நெனச்சிய. கண்ணு மூடினா காதும் மூடிருமால? 2024ல, ஜூலை 26ல இருந்து ஆகஸ்டு 11 வரைக்கும், பாரிஸ்ல அவுக ஓடினாக, எறிஞ்சாக, தூக்கினாக. நீங்க இங்கன கருத்து சொன்னிய. அவுகளுக்கு வருசக்கணக்குல பயிற்சி. ஒங்களுக்கு ஆளுக்கொரு கடுங்காப்பி. அதுவும் எங்கணக்குல.

மொத நாளே ஆரம்பிச்சிட்டிய. தொடக்க விழாவை மைதானத்துல வைக்காம, சீன் ஆத்துல படகுல வச்சான். மழை வேற கொட்டிட்டு. "மழைக்கு ஒரு ஏற்பாடு பண்ண வேண்டாமா தாத்தா"ன்னு ஒருத்தன் கேட்டான். மழைக்கு எவம்ல ஏற்பாடு பண்ணுவான்? நம்ம கொடியைச் சிந்துவும் மெட்ராஸ் சரத் கமலும் ஏந்திக்கிட்டு வந்தாக. சரத்துக்கு வயசு 42, அது அஞ்சாவது ஒலிம்பிக்ஸ். அதை ஒருத்தனும் கண்டுக்கிடல. ஆத்துத் தண்ணி அழுக்காம், அதான் பேச்சு.

அழுக்குதான். யாரு இல்லன்னது? 1923ல இருந்து அப்ப வரைக்கும் அதுல குளிக்கத் தடை இருந்துச்சு. 140 கோடி யூரோ செலவழிச்சுக் கழுவியும், தண்ணி சரியில்லன்னு ஆம்பளைய ட்ரையத்லான் போட்டியை ஒரு நாள் தள்ளி வச்சாக. அதுக்கு நீ விழுந்து விழுந்து சிரிச்ச. சரி, சிரி. தாமிரபரணிப் பாலத்துல நின்னுக்கிட்டு ஷாம்பு பாக்கெட்டை ஆத்துல விட்டெறிஞ்சது ஆருல?

பொறவு வந்துச்சு பாரு, பெரிய கணக்கு. "140 கோடி சனம், ஆறே மெடலா?" வெள்ளி ஒண்ணு, வெங்கலம் அஞ்சு. பட்டியல்ல 71வது எடம். கணக்கு சரிதான். ஆனா அந்த 140 கோடியில நீயும் உண்டுல்லா? ஒம் பங்குக்கு என்ன ஓடின? பஸ்ஸை விட்டுட்டு நின்னுக்கிட்டு, அடுத்த பஸ்ஸு எப்பன்னு போன்ல பாக்க ஆளு நீ. அங்க போனது 117 பேரு. மெடலை அவுககிட்டக் கேளு, கேக்க நியாயம் உண்டு. 140 கோடியை எதுக்கு இழுக்க?

பளு தூக்குறதுல மீராபாய் சானு நாலாவது வந்தப்ப "ச்சே"ன்னிய. அந்த "ச்சே" எனக்கு இன்னும் காதுல நிக்கி. அது 49 கிலோ பிரிவு. அதாவது அந்தப் புள்ளை ஒரு சிமெண்டு மூடையை விடக் கனம் கம்மி. அது தலைக்கு மேல தூக்கி நிறுத்தினது 111 கிலோ. ரெண்டு சிமெண்டு மூடை, அதுக்கு மேல 11 கிலோ. ரெண்டு வகைத் தூக்கையும் கூட்டினா 199. வெங்கலம் வாங்கினவ 200. ஒத்தக் கிலோ! நம்ம வீட்டு வேலைக்குச் சிமெண்டு வந்தப்ப, வண்டியில இருந்து ஒரு மூடையை எறக்கச் சொன்னேன். முதுகு பிடிச்சிட்டுன்னு மூணு நாளு படுத்துக் கெடந்தது ஆருன்னு நான் சொல்லல. ஒங்க ஆத்தாளுக்குத் தெரியும்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். அவளாவது கூடத்துக்குள்ள போய் நின்னு பாத்துட்டுச் சொன்னா.

முதலூர்ப் பையன் கதைக்கு வாரேன். ஜெஸ்வின் ஆல்ட்ரின். நம்ம சாத்தான்குளத்துக்குப் பக்கத்துல, மஸ்கோத் அல்வாவுக்குப் பேரு போன முதலூருதான். 2023ல 8.42 மீட்டர் தாண்டினான், நீளம் தாண்டுறதுல இந்திய சாதனை. பாரிஸ்ல சரியா அமையல. மொத ரெண்டு தாண்டும் பவுல். மூணாவது 7.61. அடுத்த சுத்துக்குப் போகல. அன்னைக்கு டீக்கடையில ஒன் கூட்டாளி, அந்த நெட்டையன், "முதலூர்க்காரன்லா, அல்வா குடுத்துட்டான்"ன்னான். கடையே சிரிச்சிட்டு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லுவானேன்? வார்த்தை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு ஒரு ஆசை வந்துட்டு.

திடல்ல கட்டட வேலைக்கு எறக்கின மணலு கெடந்துச்சு. கொத்தனார்கிட்ட டேப்பை வாங்கினேன். ஒரு தென்ன மட்டையைக் குறுக்க போட்டேன். "இதை மிதிச்சா பவுல்"ன்னேன். அங்கன இருந்து 8.42ஐ அளந்து ஒரு செங்கல்லை நட்டேன். நட்டுட்டு நிமுந்து பாத்தா எனக்கே தலை சுத்துச்சு. எம்புட்டு தூரங்க? மூணு ஆட்டோவை முட்ட முட்ட நிறுத்தினாலும் செங்கல்லுக்கு முன்னால எடம் கெடக்கும். ஒரு மனுசன் வெறும் ரெண்டு காலைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் காத்துல போயிருக்கான்.

"வாலே நெட்டை, தாண்டு"ன்னேன்.

வந்தான். வேட்டியா, பேன்டா? அதுவா முக்கியம். ஓடி வந்தான் பாரு ஒரு ஓட்டம், திடல் கோழியெல்லாம் வேலிக்கு அந்தாண்ட போயிட்டு. மட்டையை மிதிச்சான். பவுல். மறுபடி வந்தான். இப்ப மட்டையை மிதிக்கக் கூடாதுங்க பயத்துல ரெண்டு முழம் முன்னாலயே எம்பிட்டான். விழுந்தான். மணலு வாயில. அளந்தேன். நாலு மீட்டரு கூட வரல. செங்கல்லு அங்கன தூரத்துல கெடந்து பாத்துக்கிட்டு இருக்கு. நொண்டிக்கிட்டே வந்து "அயோடெக்ஸ் இருக்கா தாத்தா"ன்னான். குடுத்தேன். அவன்தான் கண்டுபிடிச்சான், நான் சொல்லல: "தாத்தா, மட்டையைப் பாத்தா தாண்ட முடியல, தாண்டுறதை நெனச்சா மட்டை தெரியல." நெசப் போட்டியில மட்டைக்குப் பதிலாப் பலகை, அது ஒரு சாண் அகலம். முழு வேகத்துல வந்து அதுல காலை வைக்கணும், நுனி தாண்டக் கூடாது. ரெண்டு பவுலுக்குப் பொறவு மூணாவதை ஜெஸ்வின் ஜாக்கிரதையாத் தாண்டினதே 7.61. நெட்டை அதுக்குப் பொறவு அல்வாப் பேச்சை எடுக்கவே இல்ல.

அதே பவுல் பேச்சுதான் நீரஜ் சோப்ராவுக்கும். ஆகஸ்டு 8, நம்ம நேரத்துக்கு நடுச்சாமம். ஒங்க எல்லாருக்கும் அன்னைக்கு மட்டும் தூக்கம் வரல. வராது, தங்கம்னா முழிப்பிய. மொத எறி நீரஜுக்கும் கணக்குல சேரல, பாகிஸ்தான் அர்ஷத் நதீமுக்கும் சேரல. ரெண்டாவதுல அந்தப் பய எறிஞ்சான் பாரு. 92.97 மீட்டர். ஈட்டி மேல போச்சு, போச்சு, எறங்கவே மாட்டேங்கி. 2008ல இருந்து நின்ன ஒலிம்பிக் சாதனை 90.57. அன்னைக்கு அதுவும் அழிஞ்சு போச்சு. அடுத்து நம்ம ஆளு, 89.45. பொறவு எறிஞ்சது பூரா பவுல். தொடையிடுக்குல வலியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் கையை ஊனி விழுந்து எந்திரிச்சான்.

ஒடனே நீ ஆரம்பிச்ச. விளம்பரத்துல நடிச்சதுனாலயாம். கவனம் செதறிட்டாம். தங்கத்தை விட்டுட்டானாம். எதைல விட்டான்? டோக்கியோல தங்கம் வாங்கின எறி 87.58. பாரிஸ்ல எறிஞ்சது 89.45. கழிச்சுப் பாரு. தங்கம் வாங்கின அன்னைக்கு எறிஞ்சதை விட 1.87 மீட்டர் கூட எறிஞ்சிருக்கான். கூட எறிஞ்சவனைப் போயி கொறஞ்சிட்டான்ங்க. இன்னொருத்தன் இன்னும் தூரம் எறிஞ்சான், அம்புட்டுதான் சங்கதி. அதை நீரஜைப் பெத்தவ சொன்னா. தங்கம் வாங்கினவனும் எங்க வீட்டுப் புள்ளைதான்னு. ஹரியானாக் கிராமத்துல அடுப்படிக்காரி. அந்த ராத்திரி பாத்த கோடிப் பேருல, பாக்கத் தெரிஞ்சு பாத்தது அவ ஒருத்திதான்னு எனக்குத் தோணுது.

அந்த அர்ஷத்துக்கு அவன் மாமனாரு எருமை மாடு பரிசு குடுத்தாருன்னு அதுக்கும் ஒரு சிரிப்பு. இதுல சிரிக்க என்னல இருக்கு? அது எருமை வளக்க ஊரு. அங்க அது மரியாதை. கேடயம் குடுத்தா ஒட்டடை புடிக்கும், சால்வை குடுத்தா பொட்டிக்குள்ள கெடக்கும். எருமை பால் குடுக்கும், கன்னும் போடும். நாளைக்கு ஒம் மாமனாரு ஒனக்கு என்ன தாராருன்னு பாப்போம். மாசத் தவணையில ஒரு பைக்கு தருவாரு, தவணையை நீ கட்டுவ.

மல்யுத்தத்துல வினேஷ் போகத் சங்கதியில எனக்கும் வருத்தம் உண்டு. அதுல சிரிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன். ஆகஸ்டு 6ல, ஒரே நாள்ல மூணு பேரைச் சாய்ச்சா. மொதல்ல சாய்ச்சது ஜப்பான் சுசாகியை. டோக்கியோல ஒத்தப் புள்ளி கூட விட்டுக் குடுக்காம தங்கம் வாங்கினவ அவ. கடைசி நொடியில 3க்கு 2ன்னு மடக்கினா. அதை நீ பாத்தியா? பாக்கல. நீ முழிச்சது மறுநாள் 7ஆம் தேதி, தராசுல 100 கிராம் கூடன்னு அவளை வெளிய தள்ளின சேதி வந்த பொறவு. அப்ப பாரு, ஊருக்குள்ள ஒரே டாக்டரும் வக்கீலும். முடியை வெட்டியிருக்கலாமேன்னு ஒருத்தன். வெட்டத்தாம்ல செஞ்சாக. ஓடியிருக்கலாமேன்னு இன்னொருத்தன். ராத்திரி பூரா ஓடத்தான் செஞ்சா. சதின்னான் ஒருத்தன், அவனுக்கு ஆட்டத்துல எத்தனை பகுதின்னு தெரியாது. ரெண்டு நாளும் தராசுல ஏறணும்னு விதி எழுதி வச்சிருக்கான். அந்த விதி கடுசுன்னு சொல்லு, நானும் ஒம் பக்கம் நிக்கேன். பருத்தி மூடையைத் தராசுல வச்சுட்டு 100 கிராமுக்கு மல்லுக்கு நின்னவன் நான், எனக்குத் தெரியும் அந்தக் கோவம். ஆனா ஆட்டத்தைப் பாக்காம தராசை மட்டும் பாத்துட்டு வந்து எங்கிட்டப் பேசாத.

அதான்ல ஒங்க நோவு. போட்டியைப் பாக்கல நீங்க. போட்டியைப் பத்தி வந்ததைப் பாத்திய. துருக்கிக்காரரு ஒருத்தரு, யூசுப் டிகெச், 51 வயசு. சாதாக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒரு கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு துப்பாக்கி சுட்டாரு. ஒங்க எல்லாரு போன்லயும் அவரு படந்தான். "தாத்தா, ஒங்களை மாதிரி கெத்து"ன்ன. சந்தோசம். சரி, அந்தச் சோடிப் போட்டியில அவரு வாங்கினது என்ன? வெள்ளி. தங்கம் செர்பியாச் சோடிக்கு. வெங்கலம் ஆருக்கு? முழிக்கியே. நம்ம மனு பாக்கருக்கும் சரப்ஜோத் சிங்குக்கும்ல! ஒரே மேடையில மூணு சோடி நின்னுச்சு. நீ படத்துக்கு வந்தவரை மட்டும் பாத்த. அதே போலத்தான் ஆஸ்திரேலியாக்காரி ரேகன். பிரேக் டான்சுல மூணு ஆட்டத்துலயும் ஒத்த ஓட்டு விழல. டாக்டர் பட்டம் வாங்கின பொம்பளை. படிப்பு படிப்புதான், இடுப்பு இடுப்புதான். நானும் பாத்துச் சிரிச்சேன். ஆனா தங்கம் வாங்கினது ஜப்பான் அமின்னு தெரிஞ்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

என்ன, நெளியுத? இன்னும் ஒண்ணே ஒண்ணு.

ஆகஸ்டு 28ல அதே பாரிஸ்ல பாராலிம்பிக்ஸ் ஆரம்பிச்சுச்சு. செப்டம்பர் 8 வரைக்கும். நம்ம நாட்டுக்கு 29 மெடலு, அதுல 7 தங்கம். தமிழ்நாட்டுக்கு மட்டும் நாலு. துளசிமதி வெள்ளி, மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெங்கலம், மாரியப்பனும் வெங்கலம். சேலத்துக்காரன் மாரியப்பன் ரியோல தங்கம், டோக்கியோல வெள்ளி, பாரிஸ்ல வெங்கலம். மூணு தடவை போயி மூணு தடவையும் சும்மா வரல. நானும் நெட்டையும் மட்டுந்தான் டிவிக்கு முன்னால உக்காந்திருந்தோம். நெட்டைக்குக் கால் வலி, போக்கிடம் இல்ல. நீங்கள்லாம் எங்கல போனிய? "140 கோடிக்கு ஆறு மெடலா"ன்னு கேட்ட வாயி, 29ன்னதும் எங்கன போயி ஒளிஞ்சுக்கிட்டு? ஒரு கருத்து, ஒரு "ச்சே"? ஒண்ணும் இல்ல. தெருவே அமைதி. எனக்கு அந்தப் பன்னெண்டு நாளும் நல்ல தூக்கம்.

அடுத்தது 2028ல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல. நம்ம நேரத்துக்கும் அவன் நேரத்துக்கும் பன்னெண்டரை மணி வித்தியாசம். அவன் சாயங்காலம் ஏழு மணிக்கு எறிஞ்சா நமக்கு விடியக் காலம் ஏழரை. நீ பல்லு வெளக்காமலே கருத்து சொல்லிக்கிடலாம், நடுச்சாமம் முழிக்க வேண்டாம். அதோட இருபது ஓவர் கிரிக்கெட்டையும் சேத்துட்டான். அப்ப டிவி எங்கைக்கு வராது, எனக்கு நல்லாத் தெரியும். அதனால இப்பவே சொல்லி வைக்கேன், கேட்டுக்க: ஈட்டியும் பளு தூக்குறதும் நடக்கயில ரிமோட்டு தாத்தாகிட்ட. கிரிக்கெட்டு நேரத்துல எடுத்துக்க. நான் திண்ணைக்குப் போயிருதேன்.

எந்திரி. கடையில காப்பிக் கணக்கு 340 ரூவா நிக்கி. ஒம் பேருல மாத்தச் சொல்லிட்டேன்.